ஆரல்வாய்மொழிக் காற்றும் திருவிழா இராட்டினமும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் வடகிழக்காகச் செல்வோர், தோவாளைப் பூச்சந்தையின் மணம் நாசியை விட்டு அகலுமுன்பே வேறொரு நாட்டின் வாயிலில் நிற்பது போன்ற உணர்வைப் பெறுவர். பின்னால் நாஞ்சில் நாட்டின் வயலும் வாழைத் தோட்டமும் குளங்களும் பசுமை மாறாதிருக்க, முன்னால் செம்மண் பொட்டலும் பனையும் உடைமரமும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விரிகின்றன. இரண்டுக்கும் நடுவே மலைகள் விலகி வழிவிட்டு நிற்கும் இடமே ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடி மாதங்களில் இவ்வூரைக் கடப்பவர் குடை பிடிக்க முயல்வது வீண். ஓடும் பேருந்தையே சற்று அசைத்துப் பார்க்கும் காற்று அது.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு நோக்கி ஒரு நெடுமதிலாக வருகிறது. அம்மதிலில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போன்ற சில இடங்களில் மட்டும் வாயில்கள் உண்டு. அரபிக் கடலினின்று எழும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, மழையை மேற்கே சொரிந்துவிட்டு, இவ்வாயில்கள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே புகுகிறது. அகன்ற ஆறு குறுகிய மதகினுள் நுழையும்போது எவ்வாறு விரைகிறதோ, அவ்வாறே இதுவும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் காட்டும் உண்மை. ஆகவே பிற ஊர்களில் வெறும் தென்றலாகக் கழியும் காற்று, இங்கே பெருஞ்செல்வமாகிறது.

அச்செல்வத்தை நம்மவர் கண்டுகொண்டது அண்மைக் காலத்தில்தான். 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழ்நாடு மின்வாரியம் தன் முதற் காற்றாலைகளை நிறுவியது. அவை 55 கிலோவாட் திறனுடைய சிறு பொறிகள். அதன்பின் கயத்தாறும் முப்பந்தலும் வரிசைக்கு வந்தன. 1990களில், காற்றாலைக்கு இட்ட முதல் முழுவதையும் ஒரே ஆண்டில் தேய்மானமாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை கிடைத்ததும், கோவை, திருப்பூர்ப் பஞ்சாலை முதலாளிகள் குமரி மாவட்டத்தின் இந்தப் பொட்டல் நிலத்தைத் தேடி வந்தனர். இன்று முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைச் சுற்றிலும், சாலையின் இரு மருங்கிலும், மலையடிவாரம் வரையிலும் எண்ணிலடங்காத காற்றாடிகள் நிற்கின்றன. இவ்வட்டாரத்தின் மொத்தத் திறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட் என்பர்.

விடுமுறைக் காலத்தில் குமரிமுனை நோக்கி இவ்வழியே வரும் சுற்றுலாப் பேருந்துகளில் குழந்தைகள் சன்னலோரம் நெருக்கிக்கொண்டு இவற்றைக் காண்பர். அவர்கள் கண்ணுக்கு இவை பெரிய இராட்டினங்கள். கொச்சியில் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் பள்ளிச் சுற்றுலா சென்று திரும்பிய நம் பிள்ளைகளுள் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "சாமி, இந்த இராட்டினத்தை வைத்து அந்த இராட்டினத்தைச் சுற்ற முடியாதா?" சிறுவன் கேட்டது விளையாட்டாகத்தான். ஆயினும் விடை சொல்லுமுன் சற்றே கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் வாசகர் பலரும் எதிர்பாராத ஒன்றைக் கூறிவிடுகிறேன். இத்தகைய பூங்காக்களில் அலறலை எழுப்பும் பொறி வேறு, மின்சாரத்தை விழுங்கும் பொறி வேறு. ரோலர் கோஸ்டர் எனப்படும் மலையேறு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 8 டன் எடையுள்ள வண்டியை 30 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டும் என்று கொள்வோம். அதற்குத் தேவையான ஆற்றல், வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு யூனிட் மட்டுமே. உச்சியை அடைந்தபின் புவியீர்ப்பு இலவசமாகவே வண்டியை ஓட்டுகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் எட்டு மணிநேரம் ஓடினாலும் 160 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு யூனிட்டும் அரை நிமிடத்திற்குள் வேண்டும் என்பதே இடர்ப்பாடு. அந்த அரை நிமிடத்தில் மட்டும் 100 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மறு நொடி ஒன்றுமில்லை. மேகம் மறைத்தால் தளரும் வெயிலையும், நினைத்தபோது தணியும் காற்றையும் மட்டும் நம்பி இப்பொறியை நேராக ஓட்டுதல் இயலாது. இடையே பேட்டரியோ, நாடு தழுவிய மின்தொடரோ நின்று ஏற்றத்தாழ்வைத் தாங்க வேண்டும்.

நீர்ச்சறுக்கோ சத்தமில்லாமல் உண்ணும் சாப்பாட்டுராமன். வினாடிக்கு 100 லிட்டர் நீரை 10 மீட்டர் உயரத்திற்கு இறைக்கும் ஒரு பம்பு 15 கிலோவாட் கேட்கும். பிள்ளை சறுக்கினாலும் சறுக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு மணிநேரத்தில் 120 யூனிட். பத்துச் சறுக்குகள் உள்ள பூங்காவுக்கு நாளொன்றுக்கு 1,200 யூனிட். குளிர்சாதன அரங்குகளும் சமையற்கூடமும் வேறு. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி போதும். எனவே அந்தப் பத்துச் சறுக்குகளுக்கு 300 கிலோவாட் தகடுகள், அதாவது 30,000 சதுர அடி. முக்கால் ஏக்கருக்கும் குறைவு. பேருந்துகளும் கார்களும் நிற்கும் மைதானத்தின் மேல் பந்தல் போட்டாலே இடம் கிடைத்துவிடும், வண்டிகளுக்கும் நிழலாகும். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் நாள்களில்தான் கூட்டமும் உச்சம், வெயிலும் உச்சம். நீர்ப் பூங்காவுக்கும் கதிரவனுக்கும் இதைவிடப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

உலகில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் சாண்டா மோனிகா கடற்பாலத்தின் மேலுள்ள இராட்டினம் 1998ஆம் ஆண்டிலேயே சூரிய மின்சாரத்தால் சுழலத் தொடங்கியது. புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் பூங்காக்களுக்காக 2019இல் 50 மெகாவாட் சூரிய நிலையம் இயங்கத் தொடங்கியது. நியூஜெர்சி மாநிலத்தின் பெரும் பூங்கா ஒன்று தனக்கான சூரியத் தகடுகளை நிறுவுவதற்காகக் காட்டையே வெட்டப் புறப்பட்டது! சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2018இல் சமரசம் ஏற்பட்டு, வெட்டும் பரப்பு குறைக்கப்பட்டது. வாகனம் நிறுத்தும் இடங்களின் மேல் தகடுகள் ஏறின. வீட்டைக் கொளுத்திக் குளிர்காயும் கதையை நல்லெண்ணத்தோடும் செய்ய முடியும் போலும். நமக்கு அருகிலோ, கொச்சி விமான நிலையம் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்சாரத்தைக் கொண்டு தன் தேவை முழுவதையும் ஈடுசெய்யத் தொடங்கியது. பகலில் மிகுவதை மின்தொடருக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகிறது. விமான நிலையத்திற்கு இயன்றது நீர்ச்சறுக்குக்கு இயலாதென்று கூற முகாந்திரமில்லை.

காற்றாலைக்கும் இதே வழிதான். கோவையில் ஓடும் நூற்பாலை ஆரல்வாய்மொழியில் காற்றாலை வைத்திருப்பதைப் போல, எந்த ஊர்ப் பூங்காவும் இங்கே ஒரு காற்றாடிக்கு உரிமையாளராகலாம். தனியே முதலிட வசதியில்லாதவர் பலர் கூடிச் செய்யவும் 2005ஆம் ஆண்டு மின்சார விதிகள் இடமளிக்கின்றன. கூட்டாளிகள் 26 விழுக்காடு பங்குரிமை கொண்டு, விளையும் மின்சாரத்தில் 51 விழுக்காட்டையேனும் தாமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பூங்காவை முப்பந்தலிலேயே கட்டிவிடலாமே என்று எவரும் எண்ண வேண்டாம். காற்றாலையைச் சுழற்றும் அதே ஆடிக் காற்று, உயர்ந்த இராட்டினத்தை நிறுத்திப் பூட்டச் செய்துவிடும். தொட்டில்கள் ஊசலாடும் வேகத்தில் பிள்ளைகளை மேலே ஏற்ற யார் துணிவர்?

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பெரும் பூங்காக்களுக்குக் கட்டணம் கொடுத்துச் செல்வோர் நம்முள் சிலரே. நாஞ்சில் நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கேளிக்கைப் பூங்கா என்பது திருவிழாதான். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், இவையன்றி ஊர்தோறும் பங்குத் திருவிழாக்கள். கொடியேறும் முன்பே இரும்புச் சட்டங்களைச் சுமந்த வண்டிகள் வந்துவிடும். இரண்டு நாளில் மைதானத்தில் இராட்டினம் எழுந்துவிடும்.

பழைய நாளில் அது மரத்தாலான தொட்டில் இராட்டினம். நான்கு தொட்டில்; இரண்டு ஆள். ஒருவர் கீழிருந்து தள்ள, மற்றவர் சட்டத்தின்மேல் குரங்கெனத் தாவியேறித் தம் உடற்பாரத்தால் அதைக் கீழிறக்குவார். டீசலுமில்லை, மின்சாரமுமில்லை, உழைத்தவருக்குக் கஞ்சியும் கருவாடுமே எரிபொருள். வேல்சு நாட்டின் கிரீன்வுட் பூங்காவில் 2004ஆம் ஆண்டில் ஒரு மலையேறு வண்டி அமைத்தார்கள். குன்றின்மேல் நடந்தேறும் விருந்தினர் ஒரு பெட்டியில் அமர்ந்து கீழிறங்க, அவர்கள் பாரமே வண்டியை உச்சிக்கு இழுத்துவிடுகிறது. செய்தியைப் படித்தபோது, நம் ஊர்த் தொட்டில்காரர் உயிரோடிருந்தால் புன்னகைத்திருப்பார் என்றே தோன்றியது.

இன்றைய இரும்பு இராட்டினத்துக்கு 20 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். ஏறத்தாழ 15 கிலோவாட். மாலை 6 மணி முதல் 11 மணி வரை ஓடினால் மிகுதியாக 75 யூனிட் செலவாகும். அதனருகே டீசல் ஜெனரேட்டர் ஒன்று நின்று முழங்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும் எனில், ஒரு மாலைக்கு 20 லிட்டருக்கு மேல் எரிகிறது. அந்தப் புகைக்குழாயின் உயரமும், வரிசையில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையின் முகமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இதைத் திருவிழாக் கமிட்டியார் அருள்கூர்ந்து ஒருமுறை நேரில் நின்று பார்க்கட்டும்.

ஆனால் இங்கே காலம் ஒத்துழைப்பதில்லை. கோட்டாற்றுத் திருவிழா நவம்பர் 24 தொடங்கி டிசம்பர் 3இல் முடிகிறது. காற்று மின்சாரத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை விளைந்து முடிந்திருக்கும். வடகிழக்குப் பருவ மேகம் கதிரவனை மறைத்திருக்கும். இராட்டினமோ இரவில் ஓடுவது. அந்நாளில் நமக்குக் கைகொடுக்கக்கூடியது கோதையாறு. அணைகள் நிறைந்திருக்கும் காலம் அது. 1970களின் தொடக்கத்தில் அமைந்த அதன் இரு நிலையங்களும் 60, 40 என 100 மெகாவாட் திறனுடையவை. காற்று ஓயும்போது நீர், நீர் குறையும்போது வெயில், வெயில் சாயும்போது பேட்டரி என்று ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பது எல்லாருக்கும் கிட்டாத பேறு.

2017ஆம் ஆண்டுத் திருவிழா நாள்கள் நினைவுக்கு வராமலிரா. நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர்க் கரைகளில் திரும்பி வராத படகுகளுக்காகக் காத்திருந்த தாய்மாரை நாம் அறிவோம். அந்த ஒரு புயலைச் சுட்டி, 'இது புகையால் வந்தது' என்று கூறிவிட முடியாது. ஆயினும் வெப்பமேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது என்று அறிவியலார் கூறுவதை, கடலை நம்பி வாழும் நாம் காதில் வாங்காதிருக்க இயலாது. அந்நாள்களில் இன்னொன்றையும் கண்டோம். மின்கம்பங்கள் சாய்ந்ததும், ஆயிரக்கணக்கான காற்றாடிகளை அருகில் வைத்துக்கொண்டே ஊர் ஊராக இருளில் கிடந்தோம். கூரைமேல் சூரியத் தகடு இருந்தாலும், மின்தொடர் அறுந்தால் அதுவும் தானே நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. தனியே பேட்டரி வைத்த வீட்டில் மட்டும் விளக்கெரியும்.

பேட்டரியின் பயனை எனக்கு விளக்கியவர் பொறியியல் படித்தவர் அல்லர். தூத்துக்குடிப் பக்கமிருந்து ஆண்டுதோறும் நம் ஊர்த் திருவிழாவுக்கு வரும் ஓர் இராட்டினக்காரர். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கிக்கொண்டு டீசலை விட்டுவிடலாகாதா என்று கேட்டேன். "விடலாம் சாமி. ஆனா கரண்டு போனா உச்சித் தொட்டில்ல இருக்கிற பிள்ளைய யாரு இறக்குறது? டீசலுக்குப் புகை உண்டு, பொய் கிடையாது" என்றார். ஒரு பெரிய மின்காரில் உள்ள அளவு பேட்டரி, ஏறத்தாழ 75 யூனிட் கொள்வது, ஒரு மாலை முழுவதும் அவர் இராட்டினத்தை ஓட்டிவிடும் என்று கணக்குக் காட்டினேன். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அத்தனை பெரிது தம்மால் வாங்க முடியாது என்றார். "எல்லாரையும் இறக்கிவிட ரெண்டு சுத்து, மூணு சுத்துக்குத் தாங்குற சின்னது ஒண்ணு போதும் சாமி" என்றும் சொன்னார். அதற்கு ஒரு யூனிட்டே மிகுதி.

ஆகவே இவ்வாண்டுத் திருவிழாவுக்குக் கமிட்டியார் தற்காலிக இணைப்புக்கு மனுச் செய்துள்ளனர். அவ்விணைப்புக்குரிய கூடுதல் கட்டணத்தில் பாதியைத் திருவிழா வரியினின்று கொடுப்பதென்றும், கூண்டு விளக்குகளை எல்.இ.டி. பல்புகளாக மாற்றுவதென்றும் முடிவாயிற்று. சிறிய பேட்டரி ஒன்றை இராட்டினக்காரரே வாங்கிவரச் சம்மதித்திருக்கிறார். ஜெனரேட்டரும் வரும், ஆனால் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு அப்பால், மைதானத்தின் கிழக்கு மூலையில், வண்டியை விட்டு இறங்காமலே நிற்கும்.