நூற்றுக்கு ஒன்று

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது மூன்று பேர்தான் உட்கார முடியும். நான்காவது இடத்தில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் நிற்கிறது. இன்னும் நாலு தளம்தான் ஏறியிருக்கிறது. மவுண்ட் போர்டு, கட்டர் பிளேடு, ஃபெவிகால், எவர்சில்வர் ஸ்கேல், எல்லாம் பெரம்பலூரிலேயே கிடைத்துவிட்டன. அளவு நூற்றுக்கு ஒன்று. உண்மையான விமானம் 53 மீட்டர். என்னுடையது முடிந்தால் 53 சென்டிமீட்டர். அடித்தளம் 100 அடிச் சதுரம் என்பதால் முப்பதரை சென்டிமீட்டர் வரும். வீட்டில் கிடந்த பள்ளிக்கூட ஸ்கேல் அரை சென்டிமீட்டர் போதாமல், முதல் நாளே ஒரு அட்டை வீண்.

கடைசியாக இதே கோயிலைச் செய்தபோது ஒன்பதாம் வகுப்பு படித்தேன். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. அளவெல்லாம் கிடையாது, கண் மதிப்புதான். தெர்மோகோலை பிளேடால் அறுத்து ஒட்டினேன். கலசத்துக்கு அக்காவின் நகப்பூச்சை எடுத்துப் பூசியதும் அது கரைந்து பள்ளமாகிவிட்டது. நகப்பூச்சு தெர்மோகோலைத் தின்னும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தந்திருக்கவில்லை. சாக்பீஸைச் சீவி கலசம் வைத்தேன்.

திருச்சிக் கண்காட்சிக்கு அது தேர்வானது. இரண்டு நாள் தங்க வேண்டும். "பொம்பளப் புள்ளைய அங்க எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார் ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் என் கோயிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சான்றிதழ் அவர்கள் பேரில் வந்தது. கோயில் வரவேயில்லை. வீட்டில் யாரும் கேட்கப் போகவில்லை. நான் அழக்கூட இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு பிளேடைத் தொடவில்லை. கவிதைக்கு வந்துவிட்டேன். கவிதைக்கு மேசை வேண்டாம், பாயில் குப்புறப் படுத்தும் எழுதலாம். அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டாம்.

போன வருடம் மாணவிகளை அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் அழைத்துப் போனேன். அங்கே ஒருவர் விளக்கினார்: "தஞ்சாவூர் கோபுரம் ஆம்பளை, கம்பீரமா நிக்கும். இது பொம்பளை, நளினம்." எத்தனையோ முறை கேட்ட பேச்சு. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "மேம், நளினம்னா அது எந்த இடத்துல இருக்கு?" முனைவர் பட்டம் வாங்கியவளுக்குப் பதில் தெரியவில்லை. பேருந்தில் வரும்போதே அட்டை வாங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வெட்டிப் பார்த்தால்தான் விளங்குகிறது. கீழே கனத்த சதுரம். மேலே ஏறும்போது மூலைகள் உள்வாங்கி எண்கோணமாகத் திரும்புகின்றன. தளத்துக்குத் தளம் ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டே போனால் விளிம்பு நேர்கோடாக ஏறும். தஞ்சாவூரில் கண்ணுக்குத் தெரிவது அந்த நேர்கோடு. இங்கே கீழ்த்தளங்களில் தாராளமாகவும் மேல்தளங்களில் கஞ்சத்தனமாகவும் குறைக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்த உள்வளைவு வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் வளைவு போயிற்று. மூன்று முறை பிரித்து ஒட்டியாயிற்று. 1035இல் முடிந்ததாகச் சொல்லப்படும் ஒரு கட்டடத்தில், கருங்கல்லில், யாரோ இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து இடுப்பு என்று நினைத்த கண் யாருடையது?

சுற்றுமதிலைச் செய்யப்போவதில்லை. 1836இல் கீழணை கட்டுவதற்கு அந்தக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வேலை மிச்சம்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "கொலுவுக்கா?" என்றார். இல்லை என்றேன். "காலேஜுக்கா?" அதுவும் இல்லை. "அப்ப யாருக்கு?" எனக்கு என்று சொல்ல வாய் கூசியது, சும்மா என்றேன். கவிதை எழுதினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அதற்குப் பதவி உயர்வில் ஒரு மதிப்பெண்ணாவது உண்டு. வீட்டுக்காரர் கேட்பதெல்லாம் சாம்பார் கிண்ணத்தை எங்கே வைப்பது என்பதுதான்.

அம்மா எங்களோடு இருக்கிறாள். நேற்று ஐந்தாம் தளத்துக்கு மூலை வெட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அந்தப் பசங்க பேரு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எந்தப் பசங்க என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இல்லம்மா, மறந்துபோச்சு."

அம்மா இரண்டு பேரையும் சொன்னாள், இனிஷியலோடு.