பிரிக்காமல் கண்டுபிடிக்கும் கை

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் பாகங்கள் குவிந்து கிடக்கும் கடைகளைத் தாண்டினால் அந்தச் சிறு பட்டறை. நான் போனபோது ஒரு பெட்ரோல் கார் பானட் திறந்து நின்றது. கிராங்க் ஷாஃப்ட் சீலில் ஆயில் ஒழுகுகிறது. வேறொரு இடத்தில் சீலை மாற்றியும் நிற்கவில்லை. “ரிங் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும்னு சொல்றாங்கண்ணே” என்றார் கார்க்காரர், கவலையோடு.

மூத்த மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை.

“பேக் கம்ப்ரஷன்தானே அண்ணே?” என்றான் உடனிருந்த பையன்.

“அவசரப்படாதடா. முதல்ல பிசிவி வால்வைக் கழட்டு.”

புது என்ஜினிலும்கூட, எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும்; பையன் சொன்ன பேக் கம்ப்ரஷன் இதுதான். எரியாத பெட்ரோலும் நீராவியும் அதோடு வரும். உள்ளே சிதறும் ஆயில் துளிகளும் சேர்ந்துகொள்ளும். வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயிலைப் பிதுக்கும். தங்கிப்போன ஈரமும் அமிலமும் ஆயிலைக் களியாக்கும்.

ஒரு காலத்தில் இந்தப் புகையைக் குழாய் வைத்துச் சாலையிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தில் வாகனங்களுக்கு உள்ள பங்கை 1950களில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் நிறுவினார். அதன்பின் கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் பிசிவி வால்வு வந்தது. புகையை, என்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக்குக்கே திருப்பி எரித்துவிடும் ஏற்பாடு இது.

வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் சிறு முளையும். ஐடிலிங்கில் இன்டேக்கின் உறிஞ்சல் அதிகம். முளை இழுபட்டு வழியைச் சுருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும். ஸ்பிரிங் முளையைத் தள்ளி வழியை அகலமாக்கும்.

பையன் கழற்றித் தந்த வால்வை அவர் காதருகே வைத்து ஆட்டினார். நல்ல வால்வு கிலுகிலுப்பைபோல் ஒலிக்கும். இது ஊமையாக இருந்தது; ஆயில் பிசுக்கில் முளை ஒட்டிப்போயிருந்தது. ஹோஸுக்குள்ளும் கருப்புப் படிவு. ஹோஸைச் சுத்தம் செய்து, புது வால்வு போட்டு, என்ஜினை மறுபடி ஓடவிட்டார். ஆயில் மூடியின் வாயில் ஒரு தாளை வைத்தார். தாள் உள்ளிழுபட்டு ஒட்டிக்கொண்டது.

“ரிங் தேஞ்சிருந்தா இந்தத் தாள் நிக்காது, படபடன்னு தள்ளும்” என்று பையனுக்குக் காட்டினார்.

என்ஜினைப் பிரித்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் வால்வின் விலை அற்பம். அவர் கேட்ட கூலியோ அதைவிடக் குறைவு. ஸ்பேனர் பிடித்த நேரத்துக்கு மட்டும்தான் அவர் காசு வாங்கினார்; எதைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்ன அறிவுக்கு வாங்கவில்லை. நம் பட்டறைகளில் இதுதான் வழக்கம். இது மாற வேண்டும். நோயைச் சரியாகச் சொல்பவருக்கும் கூலி உண்டு என்றால்தான், அந்தப் பையனும் வால்வை ஆட்டிக் கேட்கும் பொறுமையைத் தொழிலாக எடுத்துக்கொள்வான்.