நாலு கிழமைக்கு ஒருமுறை

டேவிட் வெதரால் என்ற ஆங்கிலேய டொக்டர் 1950களில் இராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூர் போனார். அங்கே ஒரு கூர்க்கா சிப்பாயின் சின்ன மகள் இரத்தம் ஏற்றியே உயிர் வாழ்ந்தாள். ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. வடிதாளும் கார் பற்றரியும் வைத்துச் சோதித்து, தலசீமியா என்று கண்டுபிடித்தார்.

பிறகு அதிலேயே உலகறிந்த நிபுணராகி, எங்கள் குருநாகல் நோயாளிகளையும் ஆராய்ந்தார். நம் நாட்டில் கூடுதலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியாவில், சிலருக்கு அடிக்கடி இரத்தம் வேண்டும். சிலர் ஏற்றாமலே வளர்ந்துவிடுவார்கள். ஆகவே ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து ஏற்றத் தொடங்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும். (ஆசிரியர்கள் எங்களுக்கும் இது பொருந்தும்தான்!)

இத்தனை அறிவும் நோய் வந்த பிறகு. வருமுன் அறிய ஒரு இரத்தச் சோதனை போதும். நிக்காஹ் பேசும்போது வீடு, காணி எல்லாம் கேட்கிற நாங்கள் இதைக் கேட்க வெட்கப்படுகிறோம். கேட்டால் "பொண்ணுல குறையா?" என்று கதை கட்டுகிறோம். தலசீமியாக் காவியாக இருப்பது குறையல்ல. இருவருமே காவிகளென்றால்தான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

எங்களிடம் படிக்கும் ஒருத்தி நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றப் போவாள். இடாப்பில் அன்று வரவில்லை. வாப்பாவும் உம்மாவும் மச்சான், மச்சி முறை. இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இவள் பிறந்த பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள்.