மூங்கில் குழாயில் தீ

தீப்பெட்டி இல்லாமல் காட்டில் தீ மூட்டக் கற்றுத் தருவதாக ஒரு முகாம் விளம்பரம் வந்திருந்தது. கட்டணம் சில ஆயிரம் ரூபாய். பழனி மலைச் சரிவில் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நண்பரிடம் அதைக் காட்டினேன். "அந்தக் காசுக்கு இங்கே வாங்க. தேன் எடுக்கிற பளியர் பெரியவர் ஒருத்தர் இருக்கார். மடியிலயே தீயை வச்சிருக்கார்" என்றார்.

தாண்டிக்குடிப் பக்கம் நான் போய் இறங்கியது ஐப்பசி அடைமழையில். குடியிருப்பின் கூரை, விறகு, திண்ணை எல்லாம் ஈரம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம் என்பதால் வீட்டு வாசலிலேயே செய்து காட்டுவதாகச் சொன்னார் பெரியவர்.

மடியிலிருந்து ஒரு சாண் மூங்கில் குழாயை எடுத்தார். வாயைக் கட்டை அடைத்திருந்தது. உள்ளே தவிட்டு நிறத்தில் பஞ்சு. கூந்தல்பனையின் மட்டை அடியில் படிந்திருக்கும் சுணையைக் கத்தியால் சுரண்டி, வெயிலில் காய வைத்து, கரியோடு பிசைந்து வைத்திருக்கிறார். கூடவே வெள்ளைக்கல் ஒன்று, வளைந்த இரும்புத்துண்டு ஒன்று. அந்த இரும்பு ஒருகாலத்தில் அரமாக இருந்தது. அதன் பல் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அப்பா காலத்தில் கொல்லர் பட்டறையில் காய்ச்சி வளைத்ததாம். சாதாரண ஆணி இரும்பு இதற்கு உதவாது, உருக்கு வேண்டும்.

கல்லின் கூரான விளிம்பில் ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு இரும்பை மேலிருந்து கீழே இழுத்தார். நாலாவது இழுப்பில் பஞ்சின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு. சுடர் இல்லை. அதைத் தேங்காய் நார்ப்பந்துக்குள் வைத்து ஊதினார். அவசரமே இல்லாத, நீளமான ஊதல். புகை வெள்ளையாகி, தடித்து, பொக்கென்று பற்றிக்கொண்டது.

நான் முயன்றபோது கல்தான் சிதறியது. "கல்லை உடைக்காதீங்க தம்பி. இரும்பைச் சீவுங்க" என்றார். சக்கிமுக்கியின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. பொறி கல்லிலிருந்து வருவதாகவே நாம் நினைக்கிறோம். கல் இரும்பைத்தான் சீவுகிறது. சீவிய துகள் காற்றுப் பட்டதும் எரிகிறது.

விறகுக்கு அவர் தரையில் கிடந்த எதையும் தொடவில்லை. மரத்தில் நின்றபடியே பட்டுப்போன கிளையை ஒடித்து, பட்டையைச் சீவித் தள்ளினார். உள்ளே காய்ந்த வைரம். ஒரு துண்டு கருங்குங்கிலியத்தையும் போட்டார். தூறலிலும் அந்தப் பிசின் அணையாமல் எரிந்தது.

1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதன்பின் யாருக்கு இந்தக் கல் வேண்டும்? தேன் எடுப்பவருக்கு வேண்டும். பாறை முகட்டில், நிலா இல்லாத இரவில், கொடியில் தொங்கிக்கொண்டு பெருந்தேனீயைப் புகையால் விலக்க வேண்டும். "மடியில வேர்த்தாலே தீப்பெட்டி நமுத்துப்போகும். இது நமுக்காது" என்கிறார்.

இவ்வளவு செய்து எடுக்கும் தேன் யாருக்குப் போகிறது? பருவத்துக்கு முன்பே அரிசிக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார் வியாபாரி. தேன் இறங்கியதும் விலையை அவரே சொல்கிறார், எடையையும் அவரே போடுகிறார். நகரத்துக் கடையில் 'மலைத்தேன்' என்று விற்கும் விலையில் பாதிகூடப் பெரியவர் கைக்கு வருவதில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனமகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் இவரைப் போன்ற பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. கடன் இருக்கும்வரை அந்த உரிமையால் என்ன பயன்? உயிரைப் பணயம் வைப்பவர் கடன்காரர், கீழே தராசோடு நிற்பவர் முதலாளி. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியவரின் பேரன்கள் இருவரும் சமவெளியில் நூல் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது. அங்கே மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது. பஞ்சு சுரண்டத் தெரிந்தவர் அந்தக் குடியிருப்பில் இப்போது இவர் ஒருவர்தான்.

முகாம் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீ மூட்டும் பாடத்துக்கு இவரைப் போன்றவர்களை ஆசிரியராக அழையுங்கள். வாங்கும் கட்டணத்தில் உரிய பங்கை அன்றைக்கே அவர்கள் கையில் கொடுங்கள்.