பதியன்

கீழவாஞ்சூரின் மணற்கொல்லையில் எங்கள் அம்மா முல்லைக்குப் பதியன் போடுவார். தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே ஒரு கொடியை வளைத்து, கணுவருகே தோலைச் சற்றுச் சீவி, மண்ணுக்குள் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு அகன்றுவிடுவார். தோண்டித் தோண்டிப் பார்த்தால் வேர் விடாது என்பது அவர் சட்டம். 2023ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் வீடு அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தது.

அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கையில் இடக்கை துவண்டு கரண்டி விழும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். தேம்பி அழுதாலும் அப்படியே. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்றார் உள்ளூர் மருத்துவர் ஒருவர். அதை நம்பி நாங்கள் அவளை இரண்டு முறை அடித்திருக்கிறோம். அடித்ததும் அழுதாள், அழுததும் கை துவண்டது. அதையும் நடிப்பென்றே எண்ணினோம்.

நாகூரில் மாலை ரயிலேறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். அங்கேதான் நோயின் பெயர் தெரிந்தது: மோயாமோயா. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் மண்டையோட்டின் அடியில் மெல்ல மெல்லக் குறுகி அடைபடுகின்றன. அதை ஈடுகட்ட நூலிழை போன்ற குழல்கள் கொத்தாக முளைக்கின்றன. 1957இல் ஜப்பானியர்கள் முதலில் விவரித்த இந்நோய்க்கு 1969இல் சுசுகி, டக்காக்கு என்ற இருவர் பெயர் சூட்டினர். ஆஞ்சியோ படத்தில் அக்கொத்து, காற்றில் மிதக்கும் சிகரெட் புகைபோல் அவர்களுக்குத் தெரிந்தது. மோயாமோயா என்பது நம் இரட்டைக்கிளவியைப் போன்றதொரு சொல்; மங்கலாய், புகைமூட்டமாய் என்பது பொருள். இவ்வளவு அழகான பெயரை ஒரு நோய்க்கு வைத்திருக்க வேண்டாம்.

ஊதும்போதும் விம்மும்போதும் மூச்சு மிகுகிறது. இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் குழல்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் பகுதிக்கு அச்சுருக்கம் போதும், கை விழுந்துவிடும். எங்கள் அடிக்கான பதில் அதில் இருந்தது.

உச்சந்தோலின் தமனியொன்றை மூளைத் தமனியுடன் நேரடியாகத் தைத்து இணைக்கும் முறையை 1967இல் சூரிச்சில் யாசர்கில் செய்து காட்டினார். அதில் இரத்தம் உடனே பாயும். ஆனால் குழந்தைகளின் குழல்கள் மிக மெல்லியவை. ஆகவே இவளுக்கு வேறு முறை. காதுக்கு முன்னால் துடித்துக்கொண்டு மேலேறும் தமனியைத் துண்டிக்காமலே பிரித்தெடுத்து, மண்டையோட்டில் திறப்புச் செய்து, மூளையின் மேற்பரப்பில் கிடத்தி, விளிம்பைச் சவ்வுடன் தைத்துவிடுவார்கள். மூளைத் தமனியுடன் இணைப்பதில்லை.

"அதுக்கப்புறம் சார்?" என்று அத்தான் கேட்டார்.

"இனி மூளைதான் செய்யணும்" என்றார் மருத்துவர்.

பசித்த திசு, வளர்ச்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சுரக்கும். அவற்றின் அழைப்புக்கு அருகில் கிடக்கும் தமனியிலிருந்து புதுக்குழல்கள் கிளைத்து உள்ளே இறங்கும். நன்றாக உண்ட மூளை அழைப்பதில்லை. எந்தப் பசி அவளைக் கொல்லக் கூடுமோ, அதே பசியை நம்பி நாங்கள் காத்திருக்க வேண்டும்! பல மாதங்கள் ஆகலாம் என்றார்கள்.

"பதியன்தானே, போட்டாச்சுல்ல" என்றார் அம்மா.

ஜனவரியில் ஒரு பக்கம், ஏப்ரலில் மறுபக்கம். அதன்பின் வீட்டில் கஞ்சி ஆறித்தான் வந்தது. அழவிடக் கூடாது, நீர் குறையக் கூடாது, காய்ச்சல் காணக் கூடாது. அழவிடமாட்டோம் என்பதை அவள் இரண்டே நாளில் கண்டுகொண்டாள். அப்புறம் அவள் ராஜ்யம். இரவில் தூங்குகிறவளின் காதோரம் விரல் வைத்துத் துடிப்பைத் தேடும் அக்காவை, "தோண்டாதடீ" என்று அம்மா அதட்டுவார். அவரே விடியற்காலையில் விரல் வைத்துப் பார்த்ததை நாங்கள் கண்டும் காணாதிருந்தோம்.

டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி எர்ணாகுளம். வெளித்தமனியில் செலுத்திய மருந்து திரையில் மேலேறியது. தைத்துவைத்த இடத்தில் ஒரு கணம் தயங்கியதாக எங்களுக்குத் தோன்றியது. பிறகு மூளையின் பரப்பெங்கும் சல்லிவேர்களாய்ப் பிரிந்து படர்ந்தது. அடியிலிருந்த புகை மெலிந்திருந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை, மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாதம் நாகூரில் கந்தூரி. அலங்கார வாசலுக்கருகே அவள் காகித ஊதல் கேட்டாள். ஊதலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆயினும் கடைக்காரர் நீட்டியதை வாங்க எங்களில் எவர் கையும் எழவில்லை. அவளே வாங்கி, கன்னம் உப்ப, நீளமாக ஊதினாள். நாங்கள் எல்லோரும் அவளது இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பாதி தின்ற பஞ்சுமிட்டாய் இருந்தது.