அரியாங்குப்பம்: கண்ணாடிக் கதவின் நடுவே 10 விநாடி!

பாண்டிச்சேரியில் கடலூர் பஸ் ஏறி முருங்கப்பாக்கம் தாண்டினால் ஆற்றுப் பாலம். பாலம் இறங்கியதும் அரியாங்குப்பம். டூவீலர் நெரிசல், பஸ் ஹாரன், சாலை ஓரமெல்லாம் கடைகள். இங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறது. கடலுக்கு முன்னாலேயே, ஆற்றங்கரை மரங்களுக்கு நடுவே இருக்கிறது அரிக்கமேடு.

1945-ல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய மது ஜாடிகளின் உடைந்த துண்டுகளும், இத்தாலியில் செய்த சிவப்பு மண்பாண்டச் சில்லுகளும் கிடைத்தன. சுமார் 2,000 வருடங்களுக்கு முந்தைய அந்த வணிகத்துக்கு மேற்கே வாசலாக இருந்தது எகிப்தின் அலெக்சாந்திரியா. தானாகத் திறக்கும் கதவைப் பற்றி முதலில் விளக்கமாக எழுதிவைத்தவரும் அதே ஊர்க்காரர்தான்! பெயர் ஹீரோன், முதலாம் நூற்றாண்டு. கோயில் பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் கீழே காற்று சூடாகி விரியும். அது தண்ணீரை ஒரு வாளிக்குள் தள்ளும். வாளியின் கனம் கயிற்றை இழுக்க, கதவு திறக்கும். நெருப்பு அணைந்தால் மூடிக்கொள்ளும். நடுவில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க மட்டும் அதில் ஏற்பாடு இல்லை.

அரிக்கமேட்டைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பி, ஏசி கடைக்குள் நுழைகிறவர்கள் கவலைப்பட வேண்டியதும் அந்த ஒரு விஷயத்தைத்தான்.

இன்றைய கண்ணாடி சறுக்குக் கதவை 1954-ல் யோசித்தவர்கள் ஹார்ட்டன், ஹெவிட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அவர்களுடைய ஊர், டெக்சாஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டி. அதுவும் கடற்கரை ஊர்தான். கடல் காற்று வேகத்தில் சாதாரணக் கதவுகள் படாத பாடு பட்டதைப் பார்த்துத்தான் பக்கவாட்டில் நகரும் கதவு என்ற யோசனை வந்தது.

இந்தக் கதவு தரையில் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேலே இருந்து தொங்குகிறது. மேல் பெட்டிக்குள் மோட்டார், பெல்ட், ரெயில், சக்கரங்கள். கீழே இருப்பது கதவு ஆடாமல் பிடிக்கும் சின்ன வழிகாட்டி மட்டும். வீராம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று மேல் பெட்டியை அரிக்கும். செருப்போடு வரும் மணல் கீழ்ப் பள்ளத்தை அடைக்கும். கதவு கரகரவென்று சத்தம் போட்டால் உடனே எண்ணெய் விடுவது நம் பழக்கம். ரெயிலில் எண்ணெய் விட்டால் தூசியெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீராம்பட்டினம் ஆடித் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இழுக்கும் வடம் எவ்வளவு முக்கியமோ, சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டையும் அவ்வளவு முக்கியம். இந்தக் கதவுக்கு முட்டுக்கட்டை, சென்சார். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆள் நடந்து வரும் அசைவைப் பார்த்துக் கதவைத் திறப்பது. அசையாமல் நின்றுவிட்டால் அதற்கு நம்மைத் தெரியாது. இரண்டாவது, வாசலில் நிற்கும் ஆளை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து, கதவை மூடவிடாமல் தடுப்பது. கைத்தடியோடு மெதுவாக வரும் தாத்தாவையும், வாசலிலேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்யும் குழந்தையையும் காப்பாற்றுவது இதுதான். இது பழுதானாலும் கதவு வழக்கம்போலத் திறந்து மூடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பழுது எப்படி வரும்? ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைக்கும்போது சென்சார் கண்ணிலும் ஒரு பொட்டு வைத்தால் போதும். வாசலில் கட்டிய மாவிலைத் தோரணமும் தள்ளுபடி பலூனும் காற்றில் ஆடினால், ஆள் வருவதாக நினைத்துக் கதவு ஓயாமல் திறக்கும். பல்லியும் சிலந்தியும்கூட இந்த வேலையைச் செய்யும். தொல்லை தாங்காமல் யாராவது சென்சாரைத் திருப்பிவைப்பார், அல்லது அணைத்துவைப்பார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சோதிப்பது சுலபம். கடை திறந்ததும் ஓர் ஊழியர் சாதாரண நடையில் இரண்டு பக்கமிருந்தும் வந்து பார்க்க வேண்டும். பிறகு வாசல் நடுவில் 10 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். கதவு மூட வந்தால் அன்றைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தே வைப்பது நல்லது. ஏசி கரன்ட் பில்லைப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தானியங்கிக் கதவுத் தயாரிப்பாளர்கள் சங்கம் இதைத் தினமும் செய்யச் சொல்கிறது. கூடவே, கரன்ட் போய் வந்த பிறகு ஒருமுறை செய்யவும் சொல்கிறது. நம் ஊருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. ஊரே இருட்டில் கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைக் கையால் தள்ளித் திறக்க முடிகிறதா? பேட்டரி இருந்தால் அது வேலை செய்கிறதா? இரவுப் பூட்டு கரன்ட் இல்லாமல் விடுபடுமா? இதையெல்லாம் கடை கட்டும்போதே கேட்டுவைக்க வேண்டும். சில கதவுகளில் கண்ணாடியை வெளிப்பக்கம் அழுத்தித் தள்ளினாலே வழிவிடும் வசதி உண்டு. அது எந்தக் கதவில் இருக்கிறது என்று வாட்ச்மேனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கண்ணாடி. 2020 ஜூனில் கேரளாவின் பெரும்பாவூரில், வங்கியிலிருந்து அவசரமாக வெளியே ஓடிய ஒரு பெண் கண்ணாடிக் கதவில் மோதி உயிரிழந்தார். அது தானாகத் திறக்கும் கதவு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போலச் சிதறும். பதப்படுத்திய 'டஃபன்டு' கண்ணாடி சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். அதோடு, கண் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் பட்டையும் வேண்டும். மிகச் சுத்தமாகத் துடைத்த கண்ணாடி கண்ணுக்கே தெரியாது.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: கதவு மூடும்போது மட்டுமல்ல, திறக்கும்போதும் கவனம் தேவை. நகரும் கண்ணாடிக்கும் நிலையான கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் சின்ன விரல்கள் போகும். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் வாசல் தாண்டும்வரை கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரிக்கமேட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடத்தின் இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கின்றன. கதவுகள் போய் எத்தனையோ காலமாகிறது.