க்ஷேத்திர வாசமும் அடிமனையும்

பணி ஓய்வுக்குப் பின் எஞ்சிய நாள்களை ஒரு புண்ணிய க்ஷேத்திரத்தில் கழிக்க வேண்டும் என்னும் விருப்பம் நம் குடும்பங்களில் வழிவழியாக வருவது. அக்காலத்தில் அதற்குப் பெரும் பொருள் வேண்டியிருக்கவில்லை. ஒரு சத்திரமோ, உறவினர் வீட்டின் ஒரு கட்டோ போதுமானதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. க்ஷேத்திர வாசம் என்றாலே வீடு வாங்குவது என்று ஆகிவிட்டது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் கைமாறுகிறது. ஆகவே அந்தக் கையெழுத்தை இடுவதற்கு முன் பக்தியோடு நிதானமும் துணை நிற்க வேண்டும்.

இதற்குத் திருவரங்கத்தைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, 156 ஏக்கர் பரப்பில், ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்டு விளங்கும் அத்தலம் கோயிலாகவும் இருக்கிறது, ஊராகவும் இருக்கிறது. மதில்களுக்கு உள்ளேயே மக்கள் வாழ்கின்றனர். உத்தர வீதிகளில் தைத்தேர் ஓடுகிறது; சித்திரை வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுகிறது. அவற்றுக்கும் வெளியே அடையவளஞ்சான் வீதிகள். 1987ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட 236 அடி உயர இராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே நுழைபவர், காய்கறிக் கடையையும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளையும் வாசலில் கோலமிடும் பெண்களையும் கண்ட பின்னரே பெருமாளைச் சேவிக்கச் செல்கிறார். பூலோக வைகுண்டத்தில் குடித்தனமும் நடக்கிறது.

மும்பையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு தம்பதியர் இத்தலத்தில் குடியேற விரும்பினர். கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவிக்குத் திருவரங்கம் பாட்டனார் ஊர். சிறுமியாக இருந்தபோது மார்கழி விடியலில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு விசுவரூப தரிசனத்துக்கு நடந்த நினைவு அவரைவிட்டு ஒருநாளும் அகன்றதில்லை. புறநகரின் நான்காம் மாடிக் குடியிருப்பை விற்றால் கிடைக்கும் தொகையே அவர்களுடைய முழுச் செல்வம். மகன் அயல்நாட்டில். ‘இனி எங்கும் மாற வேண்டாம், இதுவே கடைசி வீடு’ என்னும் தீர்மானத்துடன் அவர்கள் வீடு தேடினர்.

சித்திரை வீதியில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு உள்ள கொல்லை என்று நீண்டு சென்ற வீடு. தேக்கு உத்தரங்களின் மீது செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்ட மெட்ராஸ் தளம். இருபுறமும் அண்டை வீட்டாருடன் பொதுச்சுவர். திண்ணையில் அமர்ந்தால் தேர் கண்முன் போகும். விலையோ, அதே பரப்புள்ள பட்டா வீட்டுக்குச் சொல்லப்படும் விலையில் பாதிக்குச் சற்றே மேல். பெருமாளே கூப்பிட்டுக் கொடுப்பதாக இருவரும் உருகிப் போயினர்.

விலை ஏன் குறைவு என்று கணவர் கேட்டார். ‘அடிமனை, இங்கே பலருக்கும் அப்படித்தான்’ என்று தரகர் எளிதாகச் சொல்லி முடித்தார்.

அடிமனை என்பது கோயில் நகரங்களில் வாழ்வோருக்குப் பழகிய சொல். கட்டடம் குடியிருப்பவருடையது, அது நிற்கும் மண் கோயிலுடையது என்பது அதன் பொருள். இந்த ஏற்பாட்டின் வேர் மிகவும் பழமையானது. பெருமாளுக்குக் கைங்கரியம் செய்வோரும், மாலை கட்டுவோரும், திருமடைப்பள்ளியில் பணி செய்வோரும், வேதமும் பிரபந்தமும் ஓதுவோரும் சந்நிதிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கோயிலைச் சுற்றி மனைகள் அளிக்கப்பட்டன. இராமானுஜர் இக்கோயிலின் கைங்கரியங்களை வகுத்து முறைப்படுத்தியதைக் கோயிலொழுகு விரிவாகக் கூறுகிறது. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் புறப்பட்ட நம்பெருமாள் 1371இல்தான் மீண்டும் எழுந்தருளினார். அத்தனை இடர்களுக்குப் பிறகும் வழிபாடு தொடர்ந்ததற்கு, கோயிலைச் சுற்றி அதன் பணியையே வாழ்வாகக் கொண்ட குடிகள் இருந்ததும் ஒரு காரணம். வீடு பணியின் பொருட்டு வந்தது. காலப்போக்கில் பணி மறைந்து வீடு மட்டும் எஞ்சிய இடங்களில்தான் சிக்கல் தொடங்கிற்று. திருவரங்கத்திலேயே எந்த மனை கோயிலுடையது, எது குடியிருப்போருடையது என்பதில் நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. வீட்டுக்கு வீடு நிலை வேறுபடும் என்பதால், ஒரு வீட்டுக்குச் சொன்னது அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது.

கணவர் ஆவணங்களை வாங்கிப் பார்த்தார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் குறை ஏதும் இல்லை. வீட்டு வரி ரசீது இருந்தது. மின் இணைப்பு அட்டை இருந்தது. அவருக்கு மனம் அமைதியடைந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு அதே வீதியில் வாழும் முதியவர் ஒருவரிடம் சென்றார். எண்பதைக் கடந்த அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஸ்வாமி, வில்லங்கச் சான்றிலே முப்பது வருஷக் கணக்குத்தான் வரும். பெருமாள் கணக்கு எழுநூறு, எண்ணூறு வருஷம் போகும். அதை எங்கே பார்க்கப் போறீர்?”

அந்தக் கேள்வியில் சட்டத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது. வில்லங்கச் சான்று என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. கோயில் எந்நாளும் விற்காத நிலம் அந்தப் பட்டியலில் கோயிலின் பெயரோடு வராது. வரி ரசீதும் மின் அட்டையும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதைக் காட்டுமே தவிர, மண் அவருடையது என்பதைக் காட்டா. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த மனை எவர் பெயரில் உள்ளது, தாய்ப் பத்திரத்தில் மனை விற்கப்பட்டதா அல்லது மேற்கட்டடம் மட்டும் விற்கப்பட்டதா, கோயிலின் சொத்துப் பதிவேட்டில் அந்த எண் உள்ளதா என்ற மூன்றையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் இவ்வகையில் மிகத் தெளிவானது. கோயிலின் அசையாச் சொத்தை விற்பதும், மாற்றிக்கொள்வதும், அடமானம் வைப்பதும், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது என்கிறது அதன் 34ஆவது பிரிவு. மற்றவர் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தால் உரிமை கோரலாம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கோயில் நிலத்தில் அது நடவாது. காலவரையறைச் சட்டம் அங்கே பொருந்தாது என்று 109ஆவது பிரிவு கூறுகிறது. அனுமதியற்ற கிரயத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்கலாம். மண்ணை அடமானம் வைக்க இயலாததால் வங்கிகளும் அத்தகைய வீட்டுக்குக் கடன் தரத் தயங்கும். அப்படியானால் அந்த வீட்டை வாங்குபவர் முழுத் தொகையையும் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். பின்னாளில் மருத்துவச் செலவுக்காக விற்க நேர்ந்தாலும் வாங்க முன்வருவோர் சிலரே. முதுமையில் இது சிறிய கவலையன்று.

அந்த வீட்டின் தாய்ப் பத்திரத்தில் ‘மேற்கட்டடம் மட்டும்’ என்றே எழுதியிருந்தது. கோயிலுக்குச் சேர வேண்டிய அடிமனை வாடகை பல ஆண்டுகளாகக் கட்டப்படவில்லை. விற்பவருடன் உரிமையுள்ள வாரிசுகள் மேலும் நால்வர். அவர்களுள் இருவரின் முகவரியே தெரியவில்லை.

இத்தனை தெரிந்த பின்னும் கணவருக்கு மனம் விடவில்லை. ‘எல்லோரும்தான் வாங்குகிறார்கள், இத்தனை ஆண்டுகளாக எவரையும் வெளியேற்றவில்லையே’ என்று வாதிட்டார். மனைவியின் ஆசைக்காகவே அவர் அப்படிப் பேசினார். அதைத் தடுத்தவரும் அந்த மனைவியேதான். “ஏன்னா, நாம பெருமாளைச் சேவிக்கத்தானே வரோம்? அவர் மனையிலே அவருக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்காம உட்கார்ந்துண்டு, என்ன முகத்தோட அவர் எதிரே போய் நிற்கறது?” என்றார். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்று நம் முன்னோர் சொன்னது அச்சுறுத்துவதற்காக மட்டுமன்று. தெய்வத்தின் பொருளை நம்முடையதாக எண்ணத் தொடங்கும் மனம் பக்தியிலிருந்து விலகிவிடுகிறது என்னும் உண்மை அதனுள் இருக்கிறது. அரங்கன் சொத்துக்கும் அதே நியாயம்தான்.

அவர்கள் முதலில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்தனர். பழமையான வீதியில் வாழ்வது எத்தகையது என்பதை அந்த ஓராண்டு அவர்களுக்குக் கற்பித்தது. தேர்நாள்களில் எந்த வாகனமும் வீதிக்குள் வராது. மருத்துவரிடம் செல்ல வேண்டுமானால் முன்னரே திட்டமிட வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னும் பின்னும் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் வீடு உறவினரால் நிறையும். திண்ணைப் படிகள் உயரமானவை. முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு கைப்பிடிக் கம்பி அவசியம். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காத்தது. அதன் மீது சிமெண்டுப் பூச்சு பூச வந்த கொத்தனாரை வீட்டுக்காரர் தடுத்து, சுண்ணாம்புக் காரையே பூசச் செய்தார். சுண்ணாம்புச் சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரிக்கும். பழைய வீட்டை வாங்குவோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது. இக்கோயிலின் புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. மரபு முறை மாறாமல் பழுதுபார்த்தலே அவ்விருதின் அடிப்படை. வீட்டுக்கும் அதே முறை ஏற்றது.

கற்றுக்கொண்டவற்றுள் இன்னொன்றும் உண்டு. வீதி அகலமாக இருப்பது தேருக்காக. திண்ணைக்கு முன் ஒரு தகரக் கூரையோ, இரண்டு படிகளோ கூடுதலாக நீண்டால் அது வடம் பிடிப்போரின் வழியை அடைக்கும். அவர்கள் பார்த்த பழைய வீட்டின் முன்னேயும் அப்படி ஒரு நீட்டிப்பு இருந்ததை அந்த ஆண்டுத் தேரின்போதுதான் கவனித்தனர்.

ஓராண்டு முடிவில், மதில்களுக்கு வெளியே, தெளிவான பட்டாவும் ஒரே உரிமையாளரும் உள்ள ஒரு சிறிய தரைத்தள வீட்டை வாங்கினர். அங்கே முற்றமும் இல்லை; திண்ணையும் இல்லை. சந்நிதிக்குப் பதினைந்து நிமிட நடை. கையிலிருந்த தொகையில் ஒரு பகுதி மருத்துவச் செலவுக்கென வங்கியில் மிஞ்சியது. கோயிலில் தங்களால் இயன்ற கைங்கரியம் எது என்று கேட்டனர். திருமாலைக்குப் பூத் தொடுக்கும் பணி வாய்த்தது. வாரத்தில் மூன்று நாள்கள் அந்த அம்மையார் அங்கே அமர்ந்து துளசி கட்டுகிறார். பழங்காலத்தில் வீதியில் மனை பெற்றவர்கள் எந்தப் பணியின் பொருட்டுப் பெற்றார்களோ, அதே பணி மனை ஏதும் இல்லாமலே அவருக்குக் கிடைத்துவிட்டது.

க்ஷேத்திர வாசத்தை விரும்பும் பெரியோர் அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். மண் எவருடையது என்று பதிவேட்டில் பார்த்துத் தெளியலாம். கோயிலுடையது என்றால், சட்டப்படி வாடகைதாரராகப் பெயர் பதிந்து, வாடகையை நாள் தவறாமல் செலுத்தி நிம்மதியாக வாழலாம். அதில் இழிவு ஏதும் இல்லை. இல்லையெனில் சற்றுத் தள்ளி, உரிமை தெளிவான வீட்டில் குடியிருக்கலாம். அரங்கன் வீதிக்கு வீதி எழுந்தருளி வருபவன். பதினைந்து நிமிட நடை தொலைவில் இருப்போரையும் அவன் அறிவான்.